அடிக்குறிப்பில் இருந்த பதில்

என் மகள் கூடத்தில் நடை பழகும்போது நான் பின்னாலேயே போகக் கூடாது. அது அவள் போட்ட விதி. முதல் நாள் போனேன். நின்று திரும்பிப் பார்த்தாள். "நான் விழுந்தா பிடிக்கிறதுக்கு வாரீகளா, இல்ல நீங்க விழுந்தா நான் பிடிக்கணுமாப்பா?" என்று கேட்டாள். அதிலிருந்து நான் என் மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஒரு நடை, அப்படி நாற்பது நடை. இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட் ஒவ்வொரு திருப்பத்திலும் லேசாகக் கிறீச்சிடும். நான் செய்தித்தாள் படிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவள். மூன்று மாதத்துக்கு முன்னால் வடக்கே, பனி மலையில் இருக்கும் ஒரு ராணுவக் காவல் நிலைக்கு மண்ணெண்ணெய் கேன்கள் கொண்டுபோனபோது, இறங்கும் இடத்தில் ஹெலிகாப்டர் மெதுவாக இறங்காமல் தரையில் மோதி விழுந்தது. பக்கத்தில் அமர்ந்து ஓட்டிய கேப்டனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இவளுக்கு இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் விரிசல். காற்றா, என்ஜினா, கைப்பிழையா என்று விசாரணை நடக்கிறது. அதைப் பற்றி அவள் வீட்டில் பேசுவதில்லை, பேசக் கூடாது. நானும் கேட்டதில்லை. நான் கேட்காததற்கு வேறு காரணம் இருந்தது.

செய்தி வந்தபோது நான் செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் என் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் என் பெயரை உறுதிப்படுத்திக்கொண்டு, "உங்கள் மகள் உயிரோடு இருக்கிறார்" என்று ஆரம்பித்தது. நல்ல மனிதர். அந்த வார்த்தையை முதலில் வைத்தார். பிறகு அவர் சொன்னவற்றில் பாதி என் காதில் ஏறவில்லை. கடைக்காரர் மாத்திரையை நீட்டிக்கொண்டே இருந்தார், நான் வாங்காமலே வந்துவிட்டேன். அந்த மாதிரி நேரத்தில் பெற்றவர்களுக்குச் சாமி ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு ஒரு கோப்பு ஞாபகம் வந்தது.

நான் இருபத்தெட்டு வருடம் தில்லியில் வேலை பார்த்தேன். படைகளுக்கு வேண்டிய விமானங்கள், ஹெலிகாப்டர்கள் வாங்கும் கோப்புகள் கடந்துபோகும் ஓர் அலுவலகத்தில், நடுவில் இருந்த ஒரு மேசை என்னுடையது. வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவன் நான் இல்லை. கோப்பு மேலே போகும் முன்னால் பக்கம் பக்கமாகப் படித்து, படைகள் கேட்டதும் விற்கிறவர் தருவதும் பொருந்துகிறதா என்று பார்த்துக் குறிப்பு எழுதுகிறவன். மனைவி இங்கே காரைக்குடியில் பள்ளி ஆசிரியை. மகளும் இங்கேயே வளர்ந்தாள். வருடத்துக்கு இரண்டு தடவை பெட்டியோடு வந்துபோகிற அப்பா நான். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நிரந்தரமாக வந்தேன்.

வெளியில் இருப்பவர்கள், படைகளுக்கு விமானம் வாங்கத் தாமதமாவது பணம் இல்லாததால் என்பார்கள். இல்லாவிட்டால் யாரோ நடுவில் தின்கிறார்கள் என்பார்கள். நான் பார்த்த தாமதத்தில் பெரும்பகுதி பயம். எப்போதோ ஒரு கொள்முதலில் கையெழுத்துப் போட்டவர், ஓய்வு பெற்ற பிறகும் விசாரணைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் கதை எல்லா மேசைக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டவன் மாட்டுவான். கேள்வி கேட்டவன் மாட்டியதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. எனவே கேட்டோம். ஒரு கேள்வி போட்டால் கோப்பு பதிலுக்காகக் கீழே இறங்கும். பதில் வருவதற்குள் மேலே இருக்கும் அதிகாரிக்கு மாறுதல் வரும். புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார். அவருக்கும் ஒரு கேள்வி இருக்கும்.

நான் சொல்லும் கோப்பு, மலை உச்சிகளுக்குப் போகும் சிறிய ஹெலிகாப்டர்கள் பற்றியது. இருந்தவை என் வயதை ஒத்த வடிவமைப்பு. அவற்றுக்குப் பதில் புதியவை வேண்டும் என்று படைகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. போட்டியிட்ட நிறுவனங்களின் ஹெலிகாப்டர்களை மலைக்குக் கொண்டுபோய்க் கோடையில் ஒரு தடவை, குளிர்காலத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். தோற்ற நிறுவனம் புகார்க் கடிதம் எழுதியது. அதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். இத்தனையும் தாண்டி அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது, விற்கிறவர் சொன்ன விலை செல்லுபடியாக இன்னும் சில மாதங்களே மிச்சம் இருந்தன. அதற்குள் ஒப்பந்தம் முடியாவிட்டால், நீட்டித்துக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதே வாரம்தான் மனைவி போன் செய்தாள். மகள் பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். கீழச்சிவல்பட்டியிலிருந்து என் மைத்துனன், பெண்ணுக்குத் தாய்மாமன், நூற்றியொரு தட்டு சீர் கொண்டுவரப் போவதாகச் சொல்லிவிட்டான். "காது குத்துக்கு வரலை. ஸ்கூல்ல சேக்குறதுக்கு வரலை. இதுக்கும் வரலேன்னா ஊர்ல எனக்கு மூஞ்சி இல்ல, சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

எங்கள் அதிகாரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேசையில் கோப்பு இருந்தால் விடுப்பு கிடையாது. அந்தக் கோப்பை ஒழுங்காகப் படித்து, பொறுப்பேற்று, மேலே அனுப்ப எனக்குக் குறைந்தது ஐந்து நாள் வேண்டும். ரயில் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் சோதனை அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன் பக்கச் சுருக்கத்தில் ஒரு வெப்பநிலை இருந்தது. பின்னிணைப்பு அட்டவணையில் அதே சோதனைக்கு வேறொரு வெப்பநிலை இருந்தது. அட்டவணையின் கீழே, சின்ன எழுத்தில், சோதனை காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் நடந்தது என்று அடிக்குறிப்பு இருந்தது. அதை நான் படித்தேன். இதை இங்கே தெளிவாக எழுத வேண்டும். அடிக்குறிப்பை நான் படித்தேன், எனக்குப் புரிந்தது, அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்து, இரண்டு வெப்பநிலைகளுக்கும் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் தேவை என்று எழுதினேன்.

அதிகாரி வாசித்துவிட்டு, சரியான கேள்வி என்று ஹிந்தியில் பாராட்டினார். நாலு மணிக்குக் கோப்பு என் மேசையை விட்டு இறங்கியது. நாலரைக்கு என் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்தானது.

பதில் வர நாலு மாதம் ஆனது. ஒரு வரிப் பதில், அடிக்குறிப்பைப் பார்க்கவும் என்று. அதற்குள் விலை ஒரு தடவை நீட்டிக்கப்பட்டிருந்தது. அடுத்த மேசையில் வேறு கேள்விகள் கிளம்பின. இரண்டாவது நீட்டிப்புக்கு விற்கிறவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கோப்பை மூடி, புதிதாகத் தேவையை எழுதி அனுப்புங்கள் என்று படைகளுக்குச் சொன்னார்கள். என் கேள்வி ஒன்றால்தான் அது செத்தது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பல கேள்விகளில் அது ஒன்று. அந்த வருடப் பணி மதிப்பீட்டில் என்னை நுணுக்கமானவர் என்று எழுதியிருந்தார்கள்.

ஏழெட்டு வருடம் கழித்து மகள் ராணுவத் தேர்வு எழுதினாள். விமானப் பிரிவில் பெண்களையும் ஓட்ட எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதற்குப் போனாள். பயிற்சி முடிந்து அவளுக்குக் கிடைத்தது மலையும் அந்தப் பழைய ஹெலிகாப்டரும். போட்டோ அனுப்பினாள். அந்தக் கோப்பு மாற்றியிருக்க வேண்டிய ரகம் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நல்லா இருக்கு தாயி என்று பதில் அனுப்பினேன்.

இனி இந்த மாதத்துக் கதைக்கு வருகிறேன்.

அவளுக்கு முன்னால் இரண்டு வழி வைத்திருந்தார்கள். தரையில் இருந்து செய்யும் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். அல்லது, மறுபடி ஓட்டும் தகுதிக்காக மருத்துவக் குழு முன்னால் தன்னை நிறுத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் அசல் மருத்துவக் காகிதங்களோடு ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் அவள் யூனிட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் தரை வேலைதான். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் விண்ணப்பத்தை எழுதி, மதுரையில் எடுத்த புதிய ஸ்கேன் அறிக்கையையும் சேர்த்து என் மேசையில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் இந்த ஆபீஸ் பாஷை தெரியும். ஒரு தடவை பாருங்கப்பா."

பார்த்தேன். நன்றாகவே எழுதியிருந்தாள். மாற்ற எதுவுமில்லை. "புது ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் தரையில இருக்கலாமே தாயி" என்றேன்.

"புதுசு எப்ப வரும்னு நீங்கதான் சொல்லணும். அந்த ஆபீஸ்லதானே இருந்தீக?" என்று சிரித்தாள். எதுவும் தெரியாமல் கேட்டதுதான்.

மறுபடி காகிதங்களைப் புரட்டினேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம், கண் தானாக இடுக்குகளைத் தேடும். ஸ்கேன் படத்தில் ஒரு தேதி. அறிக்கையில் அதற்கு மறுநாள் தேதி. "இது இடிக்குதே. கேள்வி கேப்பாக. ஆஸ்பத்திரில ஒரு விளக்கக் கடுதாசி வாங்கிட்டா நல்லது" என்றேன். அவள் நம்பினாள். அன்றே ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. மறுநாள் போன் செய்தாள். நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். அடுத்து சனி, ஞாயிறு. காகிதக் கட்டு என் மேசையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஆறாம் நாள் மனைவி துடைக்க வந்தவள், கட்டைத் தூக்கிப் பார்த்தாள். "ஏங்க, இன்னும் இங்குட்டே கெடக்கு? என்னத்தை அடைகாக்குறீக?"

"ஆஸ்பத்திரி லெட்டர் வரணும்."

அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். மகள் மறுபடி பறக்கக் கூடாது என்ற ஒரே ஆசைதான் எங்கள் இருவருக்கும் என்பதும், அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மதியம் மைத்துனன் வந்தான். மருமகளைப் பார்க்க வாரம் ஒரு தடவை வருவான், கையில் ஏதாவது தின்பண்டத்தோடு. மானகிரிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் கேமராவைப் பறக்கவிட்டுப் படம் எடுத்ததைக் கதையாகச் சொன்னான்.

"மச்சான், கொசு மாதிரி ஒண்ணு ரீங்காரம் போடுது. மாப்பிள்ளை தலைப்பாகையைத் தட்டிவிட்டுப் போயிருச்சு. நம்ம பிள்ளை இருந்திருந்தா கரெக்டா ஓட்டியிருக்கும்."

"அதுக்கெல்லாம் லைசென்ஸ் வேற மாமா" என்றாள் மகள், நடந்துகொண்டே.

"உன் சடங்குக்கு இதெல்லாம் இல்ல தாயி. ஃபிளெக்ஸ் போர்டு மட்டுந்தான். ஞாபகம் இருக்கா? அந்தப் போர்டு அடிச்ச பய, உன் போட்டோவுக்குப் பின்னாடி பனிமலையப் போட்டுட்டான். வெயில்ல வேர்த்துக்கிட்டு அத்தனை பேரும் நிக்கிறோம், நீ மட்டும் பட்டுச்சேலையோட பனில நிக்கிற. அப்பவே உன்ன அங்குட்டு அனுப்பிட்டோம்ல!"

மைத்துனன் தொடையைத் தட்டிச் சிரித்தான். மகளும் சிரித்தாள். "அப்பாகூட லீவு கிடைக்காம கிடைச்சு வந்தாரு" என்று அவன் தொடர்ந்தான். "நாங்கூட நெனைச்சேன், வரமாட்டீகன்னு. எப்புடி மச்சான் விட்டாய்ங்க உங்கள?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

அவன் போன பிறகு மகள் என் மேசைக்கு வந்தாள். அதிக நேரம் உட்கார்ந்தால் அவளுக்கு வலிக்கும். மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு கட்டைப் பிரித்தாள். அவளுக்கும் காகிதம் படிக்கத் தெரியும். பறப்பதற்கு முன்னால் வரிசையாகச் சரிபார்க்கும் பட்டியலை வரி விடாமல் படிக்கப் பழகிய கண் அது.

"அப்பா, இதுல நேரம் அச்சடிச்சிருக்கே. கீழ பாருங்க. ஸ்கேன் சாயங்காலம் எடுத்தது. டாக்டர் பாத்து எழுதினது மறுநாள் காலைல. இதுல விளக்கம் கேக்க என்ன இருக்கு? நீங்க இதைப் பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கண் சரியில்லை என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"பாத்தேன்."

"எப்ப?"

"முதல் நாளே."

அவள் காகிதத்தை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்போது நான் சொல்ல ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு வெப்பநிலைகள், அடிக்குறிப்பு, விடுப்பு. பதினான்கு வருடத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எந்த லீவு? என் சடங்குக்கா?"

"ஆமா."

"அந்தப் பனிமலை போர்டுக்கா?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்ததில் முதுகு வலித்து, ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். உட்காருங்க என்று கையைக் காட்டினாள். சிரிப்பு நின்றதும் முகம் வேறாகிவிட்டது.

"எனக்கு அன்னைக்கு அந்த மண்டபத்துல செத்துரலாம்போல இருந்துச்சுப்பா. மைக்ல எல்லாரும் கேக்க அனவுன்ஸ் பண்றாக. நான் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்துட்டீகன்னு அம்மா சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தேன்."

இது எனக்குத் தெரியாது. அந்த விடுப்பு எடுத்திருக்கவே கூடாது என்று மூன்று மாதமாக நினைத்து வைத்திருந்தேன். இப்போது அந்த நினைப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிரு தாயி" என்றேன்.

"உங்க ஒரு ஃபைலாலதான் புதுசு வரலைன்னு நெனைக்காதீக. அம்புட்டுப் பெரிய ஆள் இல்ல நீங்க" என்றாள். குரல் கடுமையாகத்தான் இருந்தது. "அன்னைக்கு என்னத்தால விழுந்தோம்னும் இன்னும் யாருக்கும் தெரியாது. அதுக்கு நான் யாரு மன்னிக்க? அங்க கேப்டன் சாருக்கு மூணாவது ஆபரேஷன் நடக்கப்போகுது. ஆனா இது என் காகிதம். இதை நீங்க தெரிஞ்சே ஆறு நாள் வச்சிருந்தீக."

"பயம்மா. மறுபடி அதே பழசுல..."

"எனக்கும் பயந்தான்ப்பா. மேல பனி போஸ்ட்ல ஒரு ஜவானுக்கு மூச்சு முட்டினா எங்களைத்தான் கூப்பிடுவாக. புதுசு வரட்டும்னு அவன் மூச்சை நிறுத்தி வச்சுக்கிட்டா இருப்பான்?"

எந்த அடிக்குறிப்பிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை. அவள் காகிதங்களை வரிசையாக அடுக்கி, உறையில் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"நானே ஆட்டோல போய் போட்டுருவேன். ஆனா போகமாட்டேன். நீங்களே போய் ஸ்பீடு போஸ்ட்ல போட்டுட்டு ரசீதைக் கொண்டாந்து என் கைல குடுங்க."

அஞ்சலகம் மூட அரை மணி நேரம் இருந்தது. ஸ்கூட்டரின் முன்பக்கப் பெட்டியில் வைத்தால் கசங்கும் என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், ஒட்டவே இல்லையே. உள்ள இன்னும் ஏதும் வைக்கணுமா?"

வாய் திறந்திருந்த உறையைப் பார்த்தேன். கடைசித் தாளில் அவள் கையெழுத்தின் பக்கத்தில் ஊரின் பெயர் எழுதியிருந்தாளா, தேதி போட்டாளா என்று எடுத்துப் பார்க்க என் விரல் துடித்தது உண்மை. அப்படிப் பார்த்தால் ஏதாவது கிடைத்திருக்கும். எந்தக் காகிதத்திலும் எனக்கு ஏதாவது கிடைக்கும்.

"இல்லம்மா. ஒட்டிருங்க."

அவர் பசையைத் தடவி, அழுத்தி, பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டார். எடுத்துக்கொடுங்கள் என்று கேட்க முடியாத இடத்துக்கு அது போய்விட்டது. வெளியே வந்து, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

மகள் ரசீதை வாங்கி நேரத்தைப் படித்துப் பார்த்தாள். பிறகு என் போனை எடுத்து, அந்த எண்ணைப் போட்டால் உறை எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியும், இப்படிப் பாருங்க என்று காட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அதுதான் என் வேலை. காரைக்குடியில் பெறப்பட்டது. மதுரையிலிருந்து புறப்பட்டது. தில்லியை வந்தடைந்தது. தில்லியில் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தது. அந்த ஒரு நாளில் என்னால் சோறு தின்ன முடியவில்லை. "ஏங்க, அதையே பாத்துக்கிட்டு இருக்கீக, அது என்ன நடந்தா போகுது?" என்றாள் மனைவி. தில்லியில் நான் கீழே இறக்கிவிட்ட கோப்பு நாலு மாதம் எங்கே கிடக்கிறது என்று ஒரு நாள்கூட நான் விசாரித்ததில்லை. அங்கே மலையில் யாராவது இப்படி நாள் எண்ணிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில், சேர்ப்பிக்கப்பட்டது என்று வந்தது. மகள் அப்போது கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

"போய்ச் சேந்துருச்சு" என்றேன்.

"ம்" என்றாள். சுவர் வரை போய்த் திரும்பினாள். "இப்ப எத்தனையாவது?"

"இருபத்தாறு."

"இருபத்தேழுப்பா."

நேற்று யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மருத்துவக் குழு அடுத்த மாதம் தில்லியில். அது என்ன சொல்லும் என்று தெரியாது. ஓட்டலாம் என்று சொன்னாலும் நான் பயப்படுவேன், கூடாது என்று சொன்னாலும் அவள் முகத்தைப் பார்க்கப் பயப்படுவேன். மதுரையிலிருந்து விமான டிக்கெட் போடச் சொன்னாள்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றேன்.

"ஒண்ணு."

பெல்ட்டோடு தனியாக எப்படிப் போவாள், பெட்டியை யார் தூக்குவார்கள், அங்கே யார் வந்து அழைத்துப் போவார்கள். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. மேசையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அவள் நாற்பது நடையை முடிப்பதற்குள் ஒரு டிக்கெட்டைப் போட்டுவிட்டேன்.